மலை வலது பக்கம் வரணும்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் குடியிருக்கும் ரிட்டயர்டு சர்வேயர் இருசப்பனுக்குப் பூமியைப் பற்றித் தெரியாத சங்கதி கிடையாது. பூமியை விட்டு ஓர் ஆள் உயரம் மேலே போய்விட்டால் மட்டும் ஒன்றும் தெரியாது. கண் இருட்டும், கால் உதறும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த ரகசியம் தன்னைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அவர் இத்தனை வருஷ தாம்பத்தியத்துக்குப் பிறகும் நம்பிக்கொண்டிருந்தார்.

நம்பக் காரணமும் இருந்தது. மனிதர் அவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்து வந்தார். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் வைத்தபோது தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். "கீழேர்ந்து பாத்தாத்தான் கோணல் தெரியும்" என்றார். வடாம் காயப்போட, துணி எடுக்க, கார்த்திகைக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றுவதைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அவர் மனைவி உண்ணாமலைதான் மாடி ஏறுவாள். இவர் தெருவிலேயே நின்று கும்பிடுவார். தரையில் நின்று பார்த்தால்தான் புண்ணியம் ஜாஸ்தி என்று அதற்கும் ஒரு சாஸ்திரம் சொந்தமாக வைத்திருந்தார்.

ஆனால் ஆகாய விமானம் என்றால் மனிதர் சொக்கிப்போவார். அவலூர்பேட்டை ரோட்டில் ஸ்கூட்டரில் போகும்போது தலைக்கு மேல் சத்தம் கேட்டால் போதும். ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, புருவத்துக்கு மேல் கையை வைத்து, அது மறைகிற வரைக்கும் வாய் பிளந்து நிற்பார். அவ்வளவு கனம், அதற்குள் அத்தனை ஜனம், அவர்களுக்குக் காபி வேறு கொடுக்கிறார்களாம், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? காலமெல்லாம் நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்தவருக்கு, அடையாளத்துக்கு ஒரு கல்கூட நட முடியாத அந்த வெளியை நினைத்தால் உடம்பு சிலிர்க்கும். கூடவே கை ஸ்கூட்டரை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்டவருக்கு மகள் மதிவதனி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். புது ஃப்ளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் இடுப்பொடிய வர வேண்டாமாம். பாண்டிச்சேரியிலிருந்து பெங்களூருக்கு விமானம் இருக்கிறதாம். ஒரு மணி நேரம் சொச்சத்தில் வந்துவிடலாமாம். டிக்கெட்டை அவளே போட்டுவிடுவாளாம்.

உண்ணாமலை போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். இருசப்பனுக்குக் கையிலிருந்த முறுக்கு உடைந்து கீழே விழுந்தது.

"போலாங்க" என்றாள் உண்ணாமலை. "எத்தினி பௌர்ணமி அந்த மலையைச் சுத்தியிருக்கோம். முன்னாடி பாத்தாச்சு, பின்னாடி பாத்தாச்சு. நாம ரெண்டு பேரும் சேந்து மேலேர்ந்து ஒரு வாட்டி பாத்துடணுங்க. எனக்கு அது ஒண்ணுதான் ஆசை."

ஒன்றுதான் ஆசை என்று சொல்லிவிட்டாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, நகை நட்டு என்று வாய் திறந்து கேட்டவள் இல்லை. பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வர வேண்டும், அதற்குக் கூட வர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அவள் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல இருசப்பனுக்கு மனசு வரவில்லை. ஏன் முடியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. போனால் மானம் போகும், போகாவிட்டால் அவள் ஆசை போகும். ஆகவே, வேண்டாம் என்கிற வார்த்தையை அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஒரு சபதம் எடுத்துக்கொண்டார்.

முதல் அஸ்திரம் மறுநாள் காலைக் காபியோடு புறப்பட்டது.

"விமானந்தானே பாக்கணும் ஒனக்கு? வா, கோயிலுக்குப் போலாம். கருவறைக்கு மேல இருக்குதே, அதுக்குப் பேரும் விமானந்தான்."

"அது பறக்காதேங்க."

"சாமி உக்காந்திருக்கிற விமானம் இன்னாத்துக்குப் பறக்கணும்? பக்தன்தான் அதைத் தேடி நடக்கணும்."

உண்ணாமலை சிரித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பில் வேண்டாம் என்கிற வார்த்தை எங்கேயும் இல்லை.

இரண்டாவது அஸ்திரம் கணக்கு. இதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று அவருக்கு நம்பிக்கை. இங்கிருந்து செங்கம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் சாலையில் இருநூறு கிலோமீட்டர். பாண்டியிலிருந்து பெங்களூர் வானத்தில் அதைவிட ஜாஸ்தி. அதற்கு முதலில் பாண்டிக்கே கிழக்கே நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். மேற்கே இருக்கிற ஊருக்குக் கிழக்கே போய்ப் புறப்படுகிறவன் புத்தியுள்ளவனா? பஸ் நேரம், ஏர்போர்ட்டில் காத்திருக்கும் நேரம், பறக்கிற நேரம், இறங்கி வீட்டுக்குப் போகிற நேரம் என்று விரல் விட்டுக் கூட்டிக்கொண்டே வந்தார். கூட்டி முடித்தால் தலையில் இடி விழுந்தது. பஸ்ஸில் போனாலும் விமானத்தில் போனாலும் வாசலிலிருந்து வாசலுக்கு ஏறக்குறைய ஒரே நேரம்.

உண்ணாமலை எதிரே உட்கார்ந்து ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்வீஸ் முழுக்க ஒரு சாண் நிலத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டாத மனிதர், அன்றைக்கு விமானக் கணக்கை ஏற்றிக் காட்ட, பாண்டி போகிற வழியில் செஞ்சியில் பஸ்ஸை நிறுத்தி ஒரு மணி நேரம் டீ குடித்தார்.

"செஞ்சியில ஒரு மணி நேரமா டீ குடிப்பாங்க?" என்றாள்.

"டிரைவருக்கு அங்க மாமியார் வீடு" என்றார் இருசப்பன்.

அதோடு விடாமல் புராணத்துக்கும் போனார். இந்த மலையின் முடியைப் பார்க்கிறேன் என்று பிரம்மாவே அன்னப்பறவையாகப் பறந்து போனார், முடிந்ததா? முடியவில்லை. அவராலேயே முடியாததை நீ பாண்டிச்சேரி விமானத்தில் போய்ப் பார்த்துவிடுவாயா என்று கேட்டார். கேட்டுவிட்டு மடக்கிவிட்ட திருப்தியில் மீசையைத் தடவினார்.

"பிரம்மா பாக்க முடியாததால கெடலைங்க" என்றாள் உண்ணாமலை. "பாத்துட்டேன்னு பொய் சொன்னாரு பாருங்க, அதனாலதான் இன்னி வரைக்கும் கோயில் இல்லாம நிக்கிறாரு. செஞ்சி டீ ஆறிடப் போவுது, குடிங்க."

பிரம்மாவுக்குப் பொய்ச்சாட்சி சொல்ல ஒரு தாழம்பூ கிடைத்தது. இருசப்பனுக்குப் பக்கத்து வீட்டு பீர் முகம்மது கிடைத்தார். பீர் முகம்மது பல வருஷம் அரபு நாட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். வந்து போன கணக்கில் எத்தனையோ விமானம் பார்த்தவர். அவரைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போய், விமானத்தைப் பற்றி உண்ணாமலையிடம் கொஞ்சம் பயங்கரமாகச் சொல்ல வேண்டும் என்று இருசப்பன் கேட்டுக்கொண்டார். ஏன் என்று பாய் கேட்டதற்கு, அவளுக்கு இதயம் கொஞ்சம் வீக் என்று இன்னொரு செஞ்சி டீயையும் குடித்துவைத்தார்.

பீர் முகம்மது ஒப்புக்கொண்ட வேலையை அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. சாயங்காலம் வந்து உட்கார்ந்து, டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நல்லா போய்க்கினே இருக்கும் தங்கச்சி. திடீர்னு ஒரு பள்ளம் வரும்."

"வானத்துல ஏது பாய் பள்ளம்?"

"காத்துப் பள்ளம். தொபுக்குனு எறங்கும். நாம கீழ வந்துடுவோம், வயிறு மட்டும் மேலயே நிக்கும். கொஞ்ச நேரம் கழிச்சி அதுவும் வந்து சேரும்."

உண்ணாமலை கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கதை கேட்டாள். இருசப்பன்தான் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இறக்கை எப்படி ஆடும், இடி மின்னலில் எப்படிக் குலுங்கும் என்று பாய் அடுக்க அடுக்க, அவர் நெற்றியில் வேர்வை முத்துமுத்தாகக் கோத்தது. போதும் பாய் என்று கண்ணைக் காட்டினார். இன்னும் வேண்டும் என்கிறார் போலிருக்கிறது என்று பாய் எடுத்துக்கொண்டார்.

"எத்தினி வாட்டி போய் வந்திருப்பீங்க பாய்?" என்று உண்ணாமலை கேட்டாள்.

"இருவது வாட்டிக்கு கம்மி இருக்காது."

"அத்தினி பள்ளத்துலயும் விழுந்து எழுந்து வந்து இங்க டீ குடிக்கிறீங்க."

பீர் முகம்மது இருசப்பனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார் தப்பா நெனைக்கக் கூடாது" என்றார். "மொத மொத ஊர் திரும்பறப்போ விடிகாலை. மேகத்துக்கு மேல போய்க்கினு இருந்துச்சு. கீழ பூரா பஞ்சு, அந்தப் பக்கம் சூரியன் வந்தான். அத்தினி வருஷம் அந்த வெயில்ல வேலை செஞ்சவன்தான் நான். ஆனா அன்னிக்கு அழுதுட்டேன் தங்கச்சி. படைச்சவன் இத்தினி அழகை மேல வச்சிட்டு நம்மளக் கீழ வச்சிருக்கானேன்னு. ஒரு வாட்டி போய்ப் பாத்துடுங்க."

சாட்சி இப்படிக் கட்சி மாறியதும் இருசப்பனுக்கு ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. அது அவருடைய சொந்தத் தொழில். மதிவதனி பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய பெரிய வரைபடத்தைக் கூடத்தில் விரித்தார். நாலு மூலைக்கும் நாலு டம்ளரைக் கவிழ்த்தார். பாண்டிக்கும் பெங்களூருக்கும் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். மேலே பயம் இருந்தாலும் காகிதத்தில் அவர் கை நடுங்கியதில்லை. கோடு அழகாக வடமேற்கே ஏறிப் போயிற்று. திருவண்ணாமலை அந்தக் கோட்டுக்குச் சற்றே தெற்கில் இருந்தது.

பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் ஊறியது.

"உண்ணாமல, இங்க வா" என்று கூப்பிட்டார். "பாண்டியிலேர்ந்து இப்படிப் போறோம். மலை எந்தப் பக்கம் வருது பாரு."

குனிந்து பார்த்தாள். "இடது பக்கங்க."

"கிரிவலம் போறப்ப மலை எந்தப் பக்கம் இருக்கணும்?"

"வலது பக்கம்."

"அப்ப இது இன்னா? அப்பிரதட்சணம். இத்தினி வருஷம் வலமா வந்துட்டு, சாமியை இப்ப இடமா சுத்தறதா? அதுவும் செருப்புக் காலோட, தலைக்கு மேல?"

உண்ணாமலையின் முகம் மாறிவிட்டது. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு விரலால் மலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தப்புங்க. அப்ப போறப்ப வேணாங்க" என்றாள்.

வேணாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவு பாடு. இருசப்பன் வரைபடத்தைச் சுருட்டிய வேகத்தில் ஒரு டம்ளர் உருண்டு நிலைப்படி வரைக்கும் போயிற்று. அன்று ராச்சாப்பாட்டுக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

பெங்களூருக்கு பஸ்ஸில் போனார்கள். போன வருஷம் பேரன் பிறந்த சமயத்தில் உண்ணாமலை மட்டும் தனியாகப் போய்ப் போய் வந்தாள், இவர் வீட்டுக்குக் காவல். இந்தத் தடவை ஜோடியாகப் போகிறதில் இருசப்பனுக்கு ஏகக் குஷி. நாலு சக்கரமும் தரையில் பட்டுக்கொண்டு போவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று செங்கம் தாண்டுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது. அபார்ட்மென்ட் கேட்டுக்குள் பசுமாட்டை விடமாட்டார்கள் என்பதால் கன்றுக்குட்டி பொம்மை ஒன்றை உள்ளே விட்டார்கள். ஃப்ளாட் தரைத்தளத்தில் இருந்ததால் இருசப்பன் பால்கனி வரைக்கும் துணிந்து போய் வந்தார். பந்தியில் அவருக்குப் பக்கத்தில் சம்பந்தி திருமலை உட்கார்ந்தார். போளூர்க்காரர், வாத்தியாராக இருந்தவர், எதைச் சொன்னாலும் அப்படியா என்று விரிந்த கண்ணோடு கேட்கிறவர். பாயசம் பரிமாற வந்த உண்ணாமலை அவரிடம் மெதுவாக ஆரம்பித்துவைத்தாள்.

"இவரு இருக்காரே சம்பந்தி, விமானம் போற வழியை வீட்ல உக்காந்துக்கினே ஸ்கேல் வச்சுச் சொல்லிட்டாரு. மலை எந்தப் பக்கம் வரும்னுகூட."

அப்படியா என்றார் திருமலை. கண் இன்னும் கொஞ்சம் விரிந்தது. புகழ்ச்சி வயிற்றுக்குள் போனால் பாயசத்தைவிடத் தித்திப்பு. இருசப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இலையிலேயே நில அளவையைத் தொடங்கினார். மேலே இடது ஓரத்தில் ஊறுகாய், அது பெங்களூர். கீழே வலது ஓரத்தில் அப்பளம், அது பாண்டிச்சேரி. பாயசத்தில் விரலைத் தோய்த்து ஊறுகாயிலிருந்து அப்பளம் வரைக்கும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு மெதுவடையை எடுத்து வைத்தார். அது திருவண்ணாமலை. எதிர் வரிசையில் சாப்பிட்டவர்கள்கூட எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"போறப்ப மலை இடது பக்கம் வருது. அதனாலதான் நாங்க வேணாம்னு பஸ்ல வந்தோம்" என்றாள் உண்ணாமலை. பிறகு, ஏதோ அப்போதுதான் தோன்றியது போல, "வர்றப்ப எந்தப் பக்கங்க வரும்?" என்று கேட்டாள்.

ஒரு சர்வேயரிடம் திசை கேட்டால் மூளை யோசிக்காது, வாய்தான் சொல்லும். "வலது பக்கம்" என்றார் இருசப்பன்.

சொன்ன பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

"பிரதட்சணம்" என்றார் திருமலை, நெஞ்சில் கையை வைத்து. "சம்பந்தி, ஆகாசத்துலேர்ந்து கிரிவலம். யாருக்குக் கெடைக்கும்?" பந்தியே ஆமாம் ஆமாம் என்றது. இருசப்பன் மெதுவடையைப் பார்த்தார். ஊறுகாயிலிருந்து வருகிறவனுக்கு அது அசையாமல் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இப்படித் திடீரென்று கேட்டால் டிக்கெட் கிடைக்காதே என்று முனகிப் பார்த்தார். அதற்குள் மதிவதனி போனை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"போட்டாச்சுப்பா. நாளைக்கு. வலது பக்க ஜன்னல் ஒங்களுக்கு, பக்கத்து சீட் அம்மாவுக்கு."

"எப்ப போட்டே?"

"நீங்க கோடு போட்ட அன்னிக்கே அம்மா போன் பண்ணிட்டாங்களே. போறப்பதான் வேணாம், வர்றப்ப போடுன்னு."

அவள் அன்றைக்குச் சொன்னதும் அதுதான். போறப்ப வேணாம். இரண்டு வார்த்தையில் இவர் இரண்டாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றிருக்கிறார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு எல்லைக்கல்லைப் பார்க்காமல் தாண்டிவிட்டார். உண்ணாமலை இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள். பாண்டிச்சேரி நமுத்துப்போயிற்று.

மறுநாள் ஏர்போர்ட்டுக்குப் போனார்கள். அந்தக் கூரையின் உயரத்தைப் பார்த்தே இருசப்பனுக்குத் தலை சுற்றியது. இத்தனை ஜனம், ஒருவர் முகத்திலும் சாகப்போகிற களை இல்லை. எல்லாரும் சட்னி அரைக்கப் போகிறவர்கள் மாதிரி சாதாரணமாகப் போகிறார்கள். பக்கத்தில் உண்ணாமலையும் அப்படித்தான் நடந்தாள். போனை எடுத்துத் தட்டில் வைத்தாள். கைப்பையை வைத்தாள். இவர் பக்கம் திரும்பி, அரைஞாண் கொடி வெள்ளி, அந்த மிஷின் கத்தும், கேட்டால் பயப்படாமல் சொல்லிவிடுங்கள் என்றாள். கத்தியது. சொன்னார். விட்டார்கள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"மதி சொன்னா" என்றாள்.

விமானம் சின்னது. இரண்டு பக்கமும் காற்றாடி வைத்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் இருசப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். காற்றாடி சுற்ற ஆரம்பித்ததும் பல்லையும் கடித்துக்கொண்டார். இன்னும் ஒரு நிமிஷத்தில் தன் ரகசியம் உலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தபோது, காதோரம் உண்ணாமலையின் குரல் மெல்லக் கேட்டது.

"எனக்கு பயமா இருக்குதுங்க. கையைப் பிடிச்சிக்கட்டுமா?"

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லி, அவள் கையை வளையலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விமானம் ஓடியது, துள்ளியது, அவர் காலடியிலிருந்து பூமி கழன்று போயிற்று. அடிவயிற்றில் ஏதோ ஒன்று தனியாகக் கீழே நின்றுவிட்டது. பாய் சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்தில் அதுவும் வந்து சேர்ந்தது.

"கண்ணைத் தொறந்து பாருங்க. நெலம் தெரியுது" என்றாள்.

நிலம் என்று சொன்னதால்தான் திறந்தார்.

திறந்தவர் அப்படியே இருந்துவிட்டார். கீழே வரப்பு வரப்பாகப் பூமி கிடந்தது. ஒவ்வொரு வயலுக்கும் அதனதன் கோடு, அதனதன் முக்கு. நடுவே ஏரி, அதிலிருந்து வாய்க்கால், வாய்க்காலை ஒட்டி வண்டிப்பாதை. வாழ்நாள் முழுக்க அவர் வெயிலில் சங்கிலி இழுத்து, ஒரு வயலுக்கு ஒரு தாளாக வரைந்து வைத்த புலப்படம் எல்லாவற்றையும் யாரோ ஒன்றாகத் தைத்து விரித்துப் போட்டிருந்தார்கள். பச்சையும் மண்ணும் தண்ணீருமாக உயிரோடு விரித்துப் போட்டிருந்தார்கள். இவ்வளவு காலமும் அவர் ஒரு துண்டைத்தான் பார்த்தார். இது முழுசு. அவர் போட்ட கோடுகள் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. பயம் எங்கே போயிற்று என்று தேடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கிருஷ்ணகிரியில் பஸ் டீக்கு நிற்கிற நேரத்துக்குள் கிருஷ்ணகிரியே பின்னால் போய்விட்டது. ஜவ்வாது மலை பச்சை மடிப்பாக வந்து கீழே நழுவியது. இவ்வளவு வேகமாகத் தூரம் கரையும் என்று அவர் கணக்குப் போட்டபோது நினைக்கவே இல்லை. அதற்கப்புறம் சமதரை. சமதரையின் நடுவில், யாரும் துணையில்லாமல், தனியாக ஒரு மலை.

இருசப்பனுக்கு அது எதுவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் பிறந்த நாளிலிருந்து எந்தத் தெருவில் திரும்பினாலும் தலைக்கு மேல் நின்ற மலை. இப்போது அது கீழே, தரையோடு, மத்தியான வெயிலில் மௌனமாக உட்கார்ந்திருந்தது. அதன் காலடியில் வெள்ளைப் புள்ளிகளாகக் கோபுரங்கள். அப்பால் சாத்தனூர் அணைத் தண்ணீர் பளபளத்தது. விடிய விடிய நடந்தாலும் கால் கடுக்கிற வலம், இங்கே இரண்டு மூச்சில் ஜன்னலைக் கடந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து பார்த்தும் மலை சின்னதாகவில்லை. பார்க்கிறவர்தான் சின்னவராகிக்கொண்டே போனார்.

தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிக் காலை மடக்கிக்கொண்டார். இரண்டு கையும் தானாகக் குவிந்தது. "அண்ணாமலையாருக்கு" என்றார், குரல் உடைந்து, சற்று உரக்கவே. பின்னாலிருந்து ஏழெட்டுக் குரல்கள் "அரோகரா" என்றன. விமானப் பணிப்பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். மலை ஜன்னலின் ஓரத்துக்குப் போய், இறக்கைக்குப் பின்னால் போய், மறைந்தது. மறைந்த பிறகும் அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகு நேரம் அந்தத் திசையையே பார்த்தார்.

பாண்டியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, திருவண்ணாமலை பஸ் ஏறிய பிறகும் மனிதர் இந்த உலகத்துக்கு வரவில்லை. வீட்டைத் தாண்டிப் பறந்து போய்விட்டு, வந்த வழியே பஸ்ஸில் திரும்புகிறோமே என்று அவருக்குத் துளிக்கூடத் தோன்றவில்லை. வழி நெடுக உண்ணாமலைக்கு வரப்பு வரப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தனக்கு விமானத்தில் பயமே இல்லை என்று சொன்னார். பயந்தது நீதான், நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன் என்றும் சொன்னார். அவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

திண்டிவனம் தாண்டிச் செஞ்சிக்கோட்டை தெரிகிற இடத்தில்தான் அவருக்குச் சுருக்கென்றது. ஜன்னல் முழுக்கத் தன் தலைதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எட்டிப் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை. அந்த நேரத்தில் அவள் இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் உறைத்தது. வாய் திறந்து கேட்ட ஒரே ஆசை. அதையும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோமே என்று மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒன் ஆசையக் கெடுத்துட்டேன் உண்ணாமல. மலையை நீ பாக்கவே இல்ல. அடுத்த வாட்டி ஜன்னல்ல நீதான் உக்காரணும்."

"கெடலைங்க. ரெண்டு பேரும் சேந்து போவணும்னுதான் ஆசை" என்றாள் உண்ணாமலை.

"மலையைப் பாக்கணும்னுதானே சொன்னே?"

அவள் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"பேரன் பொறந்தப்ப மூணு வாட்டி பெங்களூர்லேர்ந்து தனியா வந்தேனே, எதுல வந்தேன்னு நெனைச்சீங்க?"